அத்தியாயம் 7: கடையில் நின்றுபோன கிளேஸுக்கு மாற்று

"அது இப்போ வர்றதில்லைங்க, கம்பெனியே நிறுத்திட்டாங்க" என்று கடையில் கையை விரித்துவிடுவார்கள். உங்கள் அலமாரியில் அதே கிளேஸ் கால் டப்பா மிச்சம் இருக்கும். போன வருடம் ஆறு குவளை வாங்கிப் போனவர் அதே நிறத்தில் இன்னும் ஆறு கேட்டிருப்பார். அந்த நிலைமையில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மாற்று தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் நிறத்தில் தொடங்கிக் கோட்டை விடுகிறார்கள். பளபளப்பும் உருகும் தன்மையும் பொருந்தாத கிளேஸில் எந்த ஆக்சைடைக் கலந்தாலும் பழைய நிறம் வராது. செம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளேஸில் புல் பச்சையாக வருவது, சோடியம் மிகுந்த இன்னொன்றில் மயில் நீலமாக வரும். ஆகவே பரப்பை முதலில் பிடியுங்கள். நிறம் அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு நூறு அச்சு அசலாக வராது. உங்கள் பழைய குவளையும் புதிய குவளையும் ஒரே மேசையில் இருந்தால் வாங்குகிறவர் கண்ணை உறுத்தக் கூடாது. அந்த அளவு போதும்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்

காரணம் தெரிந்தால் பாதை தெரியும். விற்பனை குறைந்ததால் நிறுத்தியிருந்தால் பிரச்சினை சிறியது. அதே வேதியியலில் வேறு நிறுவனச் சரக்கு கிடைக்கும்.

மூலப்பொருளே தீர்ந்திருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரையொட்டித் தோண்டிய ஒரு பழுப்புக் களிமண், வேறெதுவும் சேர்க்காமலே கல்கலப் பாத்திரங்களின் உட்புறத்தில் பளபளவென்று உருகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஊறுகாய் ஜாடிகளின் உள்ளே தெரியும் காப்பிக்கொட்டை நிறம் அதுதான். 1980களின் நடுப்பகுதியில் அதைத் தோண்டுவது நின்றது. கனடாவில் 'ஆல்பெர்ட்டா ஸ்லிப்' என்ற மாற்றைத் தயாரித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஷொஷோன் ஊருக்கருகே கிடைத்த கெர்ஸ்ட்லி போரேட் என்ற போரான் கனிமத்துக்கும் இதே கதிதான். சுரங்கம் மூடப்போகிறது என்ற செய்தி 2000ஆம் ஆண்டையொட்டிப் பரவியதும் பலர் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். வேறு சிலர் ஃபிரிட்டை (உருக்கிப் பொடித்த கண்ணாடி) வைத்துக் கணக்குப் போட்டுத் தங்கள் கிளேஸ்களை மாற்றி எழுதினார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அதற்குப் பிறகு அந்தக் கவலையே இல்லை.

மூன்றாவது காரணம் நஞ்சு அல்லது அரசுக் கட்டுப்பாடு. 1936இல் ஹோமர் லாஃப்லின் நிறுவனம் கொண்டுவந்த ஃபியஸ்டா பாத்திரங்களின் சிவப்பு யுரேனியம் ஆக்சைடால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் யுரேனியம் அரசின் கைக்குப் போனதும் அந்தச் சிவப்பு நின்றது. 1959இல் திரும்பி வந்து, 1972இல் மறுபடி நின்றது. ஈயம், காட்மியம், யுரேனியம் போன்றவற்றால் ஒரு கிளேஸ் நின்றிருந்தால் அதன் வேதியியலைத் துரத்தாதீர்கள். நிறத்தை மட்டும் வேறு வழியில் தேடுங்கள்.

மிச்சம் இருப்பதில் கை வைக்காதீர்கள்

அந்தக் கால் டப்பாவை இன்னும் நாலு குவளைக்குப் பூசித் தீர்த்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

1. லேபிளை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கோன் எண், தொகுதி எண், எச்சரிக்கை வாசகம் எல்லாம் வேண்டும்.

2. அந்தக் கிளேஸின் பாதுகாப்புத் தகவல் தாளை நிறுவனத்திடமோ கடையிலோ கேட்டு வாங்குங்கள். அதில் செய்முறை இருக்காது. ஆனால் ஆபத்தான பொருள்களைப் பெயரோடு போட்டிருப்பார்கள். கோபால்ட், செம்பு, மாங்கனீசு என்று எதையாவது பார்த்தால் நிறத்தின் பாதி ரகசியம் கையில்.

3. டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்கி, 100 மில்லி அளந்து எடை போடுங்கள். அளவுக் குப்பியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். 148 கிராம் வந்தால் ஒப்படர்த்தி 1.48. அதில் எவ்வளவு உலர்பொடி இருக்கிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: எடையிலிருந்து கன அளவைக் கழித்து 1.625ஆல் பெருக்குங்கள். 148இல் 100 போக 48. 48 × 1.625 = 78 கிராம்.

4. அளந்த அந்த 100 மில்லியை பிஸ்க் கிண்ணத்தில் ஊற்றிக் காயவைத்துப் பொடியாக எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். உருகல் சோதனைக்கு இது தேவைப்படும்.

5. மீதியில் மூன்று டைல்கள் பூசுங்கள்: மெல்லியதாக, வழக்கமான தடிமனில், தடிமனாக. நீங்கள் எப்போதும் பயன்படுத்தும் களிமண்ணில், எப்போதும் சுடும் சூட்டில். பின்புறத்தில் இரும்பு ஆக்சைடு கரைசலால் எண் எழுதுங்கள். பேனா, பென்சில் எழுத்து சூளையில் போய்விடும்.

டைல் எப்படி இருக்க வேண்டும்

தட்டையான சதுர டைல் பொய் சொல்லும். படுக்கையாகச் சுட்டால் எந்தக் கிளேஸும் வழியாது. அடிப்பகுதி இல்லாத அகல வளையம் ஒன்றைச் சக்கரத்தில் இழுத்து, வெளிப்பக்கம் ஒரு பாதியை வழவழப்பாகவும் மறு பாதியைச் சீப்பால் கீறிய வரிகளாகவும் விட்டு, துண்டு துண்டாக அறுங்கள். அடியில் சிறு பாதம் இருந்தால் நின்றபடியே சுடலாம்.

சுட்ட டைலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் விளிம்பில் கிளேஸ் மெலிந்து களிமண்ணின் நிறம் தெரியும். கீறிய வரிகளில் அதே கிளேஸ் தேங்கி ஒரு சாயல் கறுத்திருக்கும். வரியின் முகட்டில் துருநிறமும் பள்ளத்தில் பாலேடு போன்ற நீலமும் தெரிந்தால் ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமம் அங்கே வேலை செய்திருக்கிறது. கீழ் விளிம்பில் கிளேஸ் உருண்டு மணியாக நின்றிருக்கிறதா, மெல்ல முடிந்திருக்கிறதா? இவையெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். "பிரவுன், நல்லா இருக்கு" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

வாங்குவதா, செய்வதா

சொந்தமாகக் கலக்குவதில் எனக்குப் பிடிப்பு அதிகம். ஆனாலும் எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். மாதம் பத்து சாமான் சுடுகிறவர், தனி அறை இல்லாதவர், சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் வேலை செய்கிறவர் தயார்க் கிளேஸே வாங்கட்டும். பொடிகளைக் கையாளும் தொல்லை மிச்சம்.

வாங்குவதானால்:

1. அதே கோன், அதே சூளைச் சூழல். கோன் 6 கிளேஸுக்குக் கோன் 6 மாற்றுதான். கோன் 06 என்று இருந்தால் முன்னாலிருக்கும் சுழியத்தைக் கவனியுங்கள். கோன் 06 ஏறத்தாழ 1000 டிகிரி, கோன் 6 ஏறத்தாழ 1220 முதல் 1240 டிகிரி செல்சியஸ். ஒரு சுழியத்தைக் கவனிக்காமல் பூசியதால் சூளைத் தட்டோடு ஒட்டிய பாத்திரங்கள் ஏராளம்.
2. மூன்று நிறுவனச் சரக்கில் மிகச்சிறிய டப்பா ஒவ்வொன்று வாங்குங்கள். வண்ண அட்டையை நம்பி லிட்டர் கணக்கில் வாங்க வேண்டாம். அட்டையில் இருக்கும் களிமண் உங்களுடையது அல்ல.
3. மூன்றையும் பழைய கிளேஸோடு ஒரே சுடுதலில், ஒரே தட்டில் வையுங்கள்.
4. பழையதை இன்னொரு கிளேஸின் மேலோ கீழோ அடுக்கிப் பூசும் வழக்கம் இருந்தால் அந்த அடுக்கையும் தனியே சோதியுங்கள். தனியாக அசையாமல் நிற்கும் இரண்டு கிளேஸ்கள் சேர்ந்தால் தண்ணீராக ஓடலாம்.

இதில் ஒன்று பொருந்திவிட்டால் நேராகப் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போங்கள். பொருந்தாதவர்கள் தொடரலாம்.

ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடாதா?

கேட்கத் தோன்றும் கேள்விதான். எக்ஸ்-கதிர் பகுப்பாய்வு இரும்பு, கால்சியம், துத்தநாகம் எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் வழக்கமான கருவிகள் போரானையும் லித்தியத்தையும் காட்டாது. இரண்டும் மிக இலேசான தனிமங்கள். கோன் 6 கிளேஸை உருகவைப்பது பெரும்பாலும் போரான்தான். அதைக் காட்டாத அறிக்கைக்குப் பணம் கொடுத்துக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். நிறம் தரும் உலோகம் எது என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

அடிப்படைக் கிளேஸ்

நிறமில்லாத, ஒளி ஊடுருவும் ஒரு கிளேஸை முதலில் கைவசப்படுத்துங்கள். கோட்பாடு ஒரு வரிதான்: சிலிக்கா கண்ணாடியாகிறது, அலுமினா அதை வழியாமல் பிடித்துக்கொள்கிறது, மற்றவை உருகவைக்கின்றன. பலரும் கையாண்டு பார்த்த மூன்று கலவைகள் இவை. எல்லாம் எடைக் கணக்கு.

கோன் 6, பளபளப்பு: பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 20, குவார்ட்ஸ் பொடி 20, வொலாஸ்டனைட் 20, சீனாக் களிமண் 20, ஃபெர்ரோ 3134 ஃபிரிட் 20.

கோன் 10, பளபளப்பு: பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, கால்சியம் கார்பனேட் 20, சீனாக் களிமண் 10. பெர்னார்ட் லீச்சின் பெயரால் 'நாலு மூணு ரெண்டு ஒண்ணு' என்று வழங்குவது இது. மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

கோன் 04: ஃபெர்ரோ 3195 ஃபிரிட் 85, சீனாக் களிமண் 15.

நம் ஊர்க் கடைகளில் ஃபிரிட்டுக்கு வேறு எண் போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்க்காமல் பகுப்பாய்வைக் கேளுங்கள். 3134இல் போரான் ஆக்சைடு ஏறத்தாழ 23 சதவீதம், கால்சியம் ஆக்சைடு 20, சோடியம் ஆக்சைடு 10, மீதி சிலிக்கா. அலுமினா இல்லை. இதற்கு நெருங்கிய எதுவும் வேலை செய்யும். பகுப்பாய்வு தர மறுக்கும் கடையில் ஃபிரிட் வாங்காதீர்கள். ஈயம் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோன் 6 கலவையில் 500 கிராம் செய்யும் முறை:

1. முகமூடியை மாட்டிக்கொண்ட பிறகே பையைத் திறங்கள்.
2. வாளியில் 450 மில்லி தண்ணீர் எடுங்கள். பொடியைத் தண்ணீரில் போட வேண்டும். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் தூசி கிளம்பும், கட்டியும் கட்டும்.
3. ஐந்து பொருளையும் 100 கிராம் வீதம் 0.1 கிராம் துல்லியத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றையும் போட்டவுடன் தாளில் 'டிக்' அடியுங்கள். நடுவில் ஃபோன் வந்தால், எடுக்கும் முன் டிக் அடியுங்கள்.
4. கலக்காமல் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்.
5. கலக்கி, 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை வடியுங்கள். சல்லடையில் தங்குவதைத் தூரிகையால் தேய்த்து இறக்குங்கள். எடை போட்டதைத் தூக்கிப் போடக் கூடாது.
6. 100 மில்லி எடுத்து எடை பாருங்கள். முக்கியெடுக்க 145 கிராம் நல்ல தொடக்கம். கூடினால் தண்ணீர் சேருங்கள். குறைந்தால் ஓர் இரவு தெளியவிட்டு மேல்தண்ணீரை இறுத்தெடுங்கள்.

உருகல் சோதனை: புதியதும் பழையதும் பக்கத்தில் பக்கத்தில்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு நிறத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பழைய கிளேஸின் உலர்பொடியில் 10 கிராம், புதியதைக் காயவைத்து 10 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சில துளி தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டு உருண்டைகள் பிடியுங்கள். சரிவாகச் சாய்த்த டைலின் மேல் முனையில் இரண்டையும் அருகருகே வையுங்கள். வழிவதைப் பிடிக்க அடியில் பழைய பிஸ்க் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

சூளையிலிருந்து எடுத்தால் இரண்டு தாரைகள் இருக்கும். நீளத்தை அளங்கள்.

- புதியது குறைவாக ஓடியிருந்தால்: ஃபிரிட்டை 20இலிருந்து 24 ஆக்குங்கள், ஃபெல்ஸ்பாரில் 4 குறையுங்கள்.
- அதிகமாக ஓடியிருந்தால்: சீனாக் களிமண்ணை 3 கூட்டி, ஃபிரிட்டில் 3 குறையுங்கள்.
- ஓட்டம் சரி, ஆனால் பழையது மங்கல் மேட்டாக இருந்தால்: குவார்ட்ஸில் 10 குறைத்துச் சீனாக் களிமண்ணில் 5, வொலாஸ்டனைட்டில் 5 கூட்டிப் பாருங்கள். அலுமினாவோடு ஒப்பிட்டால் சிலிக்கா குறையக் குறைய மேட் வரும். 1912இல் ஆர்.டி. ஸ்டல் என்ற அமெரிக்கர் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். இன்றைக்கும் கிளேஸ் கணக்கு மென்பொருள்களில் அதைத்தான் பார்க்கிறோம்.
- பட்டுப்போன்ற மேட் வேண்டுமென்றால் வொலாஸ்டனைட்டில் ஒரு பங்குக்குப் பதில் டால்க் சேர்த்துச் சோதியுங்கள். மக்னீசியம் தரும் மென்மையே தனி.

குறிப்பு: குறைவாகச் சுட்டதால் மங்கலாக இருப்பதையும் உண்மையான மேட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கோன் கூட்டிச் சுடுங்கள். பளபளப்பு வந்துவிட்டால் அது மேட் கிளேஸ் அல்ல; வேகாத கிளேஸ்.

நிறம்: எங்கிருந்து வந்திருக்கும்?

மின்சூளையில் சுட்டதாக வைத்துக்கொண்டு ஊகிப்போம்.

ஆழ்ந்த நீலம் என்றால் கோபால்ட். ஆக்சைடாக அரை முதல் 1 சதவீதம் போதும். கார்பனேட்டாக இருந்தால் ஒன்றரை மடங்கு எடுங்கள். ஒளி ஊடுருவும் புல் பச்சை செம்பு. மூடிய இலைப்பச்சை பெரும்பாலும் குரோமியம். தேன் நிறம், பழுப்பு, காப்பிக் கறுப்பு எல்லாம் இரும்பின் வெவ்வேறு அளவுகள். வெள்ளை என்றால் சிர்க்கான் 10 முதல் 12 சதவீதம், அல்லது வெள்ளீய ஆக்சைடு 5 முதல் 8. வெள்ளீயம் விலை கையைக் கடிக்கும், ஆனால் அதன் வெள்ளை கண்ணுக்கு இதம்.

மஞ்சள், ரோஜா, குங்குமச் சிவப்பு போன்றவற்றை ஆக்சைடில் தேடாதீர்கள். அவை ஸ்டெயின்கள். பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும் காட்மியத்தைச் சிர்க்கான் படிகத்துக்குள் அடைத்துச் செய்த தொழிற்சாலைப் பொருள். அதைப் பொடியாக அரைக்கவோ, சொன்ன சூட்டுக்கு மேல் சுடவோ கூடாது. ரோஜாவும் மெரூனும் குரோம்-வெள்ளீயச் சேர்க்கை. அவற்றுக்குக் கால்சியம் நிறைய வேண்டும், துத்தநாகம் இருக்கவே கூடாது. குரோமியப் பச்சையும் துத்தநாகமும் ஒரே கிளேஸில் சேர்ந்தால் சேற்றுப் பழுப்பாகும். (குரோமியம் சூளையில் ஆவியாகிப் பக்கத்து வெள்ளைக் குவளையில் ரோஜாத் திட்டு போட்டுவிடும். வெள்ளையில் வெள்ளீயம் இருந்தால்தான் இந்த விளையாட்டு.)

மயில் நீலத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு: மேலே சொன்ன அடிப்படைக் கலவையில் அது வராது. சோடியம் மிகுந்த, அலுமினா குறைந்த கிளேஸ் வேண்டும். அது பெரும்பாலும் மயிர்க்கோடு விடும். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு உதவாது. பூந்தொட்டி செய்யுங்கள்.

வரிசைக் கலப்பு: தேன் பழுப்பைப் பிடிக்கும் முறை

பழையது கோன் 6இல் தேன் நிறம், பளபளப்பு, விளிம்பில் வெளிறியது என்று வைத்துக்கொள்வோம். இரும்பு என்று தெரிகிறது. எத்தனை சதவீதம்? ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துக் கலக்க வேண்டியதில்லை.

1. உருகல் சோதனையில் தேறிய அடிப்படைக் கிளேஸை இரண்டு பாகமாக்குங்கள். ஒன்று 'அ', இதில் எதுவும் சேர்க்க வேண்டாம்.
2. மற்றது 'ஆ'. அதிலுள்ள உலர்பொடியின் எடையை 1.625 கணக்கால் கண்டுபிடித்து, அதில் 8 சதவீதம் சிவப்பு இரும்பு ஆக்சைடு சேருங்கள். 200 கிராம் உலர்பொடி என்றால் 16 கிராம். மீண்டும் சல்லடையில் வடியுங்கள். வடிக்காவிட்டால் கரும்புள்ளி விழும்.
3. 'அ', 'ஆ' இரண்டையும் ஒரே ஒப்படர்த்திக்குக் கொண்டுவாருங்கள். இது தவறினால் முழு வரிசையும் வீண்.
4. ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சால் ஐந்து கிண்ணங்களில் இப்படி அளங்கள்: 20 + 0, 15 + 5, 10 + 10, 5 + 15, 0 + 20. முதல் எண் 'அ', இரண்டாவது 'ஆ'. இரும்பு முறையே 0, 2, 4, 6, 8 சதவீதம் கிடைக்கும்.
5. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் கிளேஸைக் கலக்குங்கள். இரும்பு அடியில் தங்கும்.
6. ஒவ்வொன்றிலும் ஒரு டைலை மூன்று எண்ணும் வரை முக்கியெடுங்கள். மேல் பாதியை மறுபடி ஒருமுறை முக்குங்கள். மெல்லிசு, தடிமன் இரண்டும் ஒரே டைலில் வந்துவிடும்.
7. பழைய கிளேஸ் டைல் ஒன்றையும் சேர்த்து, ஆறையும் ஒரே தட்டில் சுடுங்கள்.

பகல் வெளிச்சத்தில் பழைய டைலை வரிசையின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டுக்கும் நாலுக்கும் இடையே மறைகிறது என்றால் அடுத்த வரிசையை 2, 2.5, 3, 3.5, 4 என்று நெருக்கிப் போடுங்கள்.

நிறம் பொருந்தியும் ஏதோ குறைகிறதா? பழையதில் பள்ளங்களில் ஒரு பாலேட்டு மினுக்கு இருந்திருக்கலாம். இரும்பின் அளவை மாற்றாமல் வைத்து, ரூட்டைலை 0 முதல் 6 வரை இதே முறையில் இன்னொரு வரிசை போடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு பொருள்தான் மாற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று சொல்ல முடியாது.

ரூட்டைலும் இரும்பும் ஆறும் வேகத்தைப் பொறுத்து மாறக்கூடியவை. சின்ன சோதனைச் சூளை மளமளவென்று ஆறிவிடும். பெரிய சூளை இரவெல்லாம் ஆறும். சோதனைச் சூளையில் கண்ணாடியாக வந்தது பெரியதில் மங்கலாக, படிகம் பூத்து வரலாம். கடைசிச் சோதனையைப் பெரிய சூளையில், நிறைந்த சுமையின் நடுவே செய்யுங்கள்.

பூசும் பதம்

டப்பாவில் வரும் தூரிகைக் கிளேஸில் சி.எம்.சி. பசை கலந்திருப்பார்கள். அதனால்தான் தூரிகை இழுக்காமல் வழுக்கிப் போகிறது. உங்கள் கலவையில் அது இல்லை. தூரிகை வைத்தவுடன் பிஸ்க் தண்ணீரை உறிஞ்சி, பட்டை பட்டையாக நிற்கும்.

தூரிகைதான் வேண்டுமென்றால் உலர் எடையில் 1 சதவீதம் சி.எம்.சி. எடுத்து, வெந்நீரின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கூழாகியிருக்கும். அதைக் கிளேஸில் கலந்து மூன்று பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. நம் வெயிலுக்குப் பசை கலந்த கிளேஸ் சீக்கிரம் அழுகி நாறும், பதமும் தண்ணீராகிவிடும். வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

முக்குவதானால் பசை வேண்டாம். அடியில் கல்லாக இறுகினால் 2 சதவீதம் பென்டோனைட்டை முதலில் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள்.

பாதுகாப்பு: இதில் சமரசம் இல்லை

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், சீனாக் களிமண் மூன்றிலும் சிலிக்கா தூசி உண்டு. வருடக் கணக்கில் மூச்சில் போனால் சிலிக்கோசிஸ். அது குணமாவதில்லை. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகமூடியாவது வேண்டும். துணியும் அறுவைச் சிகிச்சை மாஸ்க்கும் பயன்படாது. தாடி இருந்தால் முகமூடி பொருந்தாது. தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கிளேஸ் வேலைக்கு எடுத்த கரண்டி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சூளை எரியும்போது அறையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். மாங்கனீசுப் புகை நரம்பைப் பாதிக்கும்.

பேரியம் கார்பனேட், ஈயம், அடைக்கப்படாத காட்மியம் மூன்றையும் வாங்கவே வாங்காதீர்கள்.

சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வரும் எந்தப் புதிய கிளேஸையும் இப்படிச் சோதியுங்கள்:

1. எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கிளேஸின் மேல் வைத்து, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் கழுவிப் பார்க்கையில் அந்த இடம் வெளிறியோ மங்கியோ இருந்தால் அந்தக் கிளேஸ் உணவுக்கு ஆகாது. புளிக்குழம்பும் மோரும் ஊற்றும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்.
2. குவளையைக் கொதிநீரில் ஐந்து நிமிடம், பிறகு உடனே ஐஸ் தண்ணீரில். மூன்று முறை. துடைத்து மை தடவிக் கழுவுங்கள். மயிர்க்கோடு இருந்தால் மை அதில் இறங்கி வலைபோலத் தெரியும். குவார்ட்ஸை 5 கூட்டி மறுபடி பாருங்கள்.
3. விளிம்பை விரலால் அழுத்தித் தடவுங்கள், தடித்த கையுறையோடு. செதில் செதிலாக உரிந்தால் நிலைமை நேர் எதிர், குவார்ட்ஸ் அதிகம். உரிந்த கண்ணாடிச் செதில் காப்பியோடு வயிற்றுக்குள் போகும் என்பதால் அந்தச் சாமான் ஒன்றைக்கூட விற்காதீர்கள்.
4. விற்பனைக்கு என்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கசிவுச் சோதனை செய்யுங்கள். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பார்கள். செம்பு, கோபால்ட் சேர்த்திருந்தால் அவற்றையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

எலுமிச்சைச் சோதனையில் தேறியது, ஆய்வகத்துக்கு அனுப்பத் தகுந்தது என்பதற்கு மேல் பொருளில்லை. தயார்க் கிளேஸ் டப்பாவில் 'நச்சற்றது' என்ற முத்திரை இருந்தாலும், அது பூசுகிறவருக்கான உறுதி. சாப்பிடுகிறவருக்கானது தனியாக 'உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கும்.

வழக்கமாக எங்கே தவறுகிறது

களிமண்ணைச் சந்தேகிக்க மறப்பது. கிளேஸ் மாறிவிட்டது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது மாறியிருப்பது களிமண் மூட்டையாக இருக்கலாம். இரும்பு கூடிய களிமண் மேல் அதே கிளேஸ் இருண்டு தெரியும்.

சூளைக் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்புவது. தெர்மோகப்பிள் வயதானால் எண் நகரும். மேல், நடு, அடித் தட்டுகளில் கோன் வைத்துச் சுடுங்கள். அது வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்லும்.

ஊசித்துளை வந்ததும் செய்முறையை மாற்றுவது. முதலில் சுடும் முறையை மாற்றுங்கள்: உச்சத்திலிருந்து ஏறத்தாழ 50 டிகிரி இறக்கி, அங்கே அரை மணி நேரம் நிறுத்துங்கள். பல சமயம் துளைகள் தாமாக மூடிக்கொள்ளும்.

கிளேஸ் சுருண்டு விலகினால் பிஸ்க்கைக் கழுவினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தூசியோ கையெண்ணெயோதான். கழுவியும் விலகினால் பூச்சு தடிமன்.

500 கிராமில் தேறியதும் பத்துக் கிலோ கலக்குவது. நடுவில் இரண்டு கிலோ கலந்து, குவளை, கிண்ணம், தட்டு என்று வெவ்வேறு வடிவங்களில் சுட்டுவிடுங்கள். டைலில் நின்ற கிளேஸ் உயரமான ஜாடியில் பாதம் வரை ஓடலாம். பாதத்திலிருந்து அரை அங்குலம் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் பிஸ்க் தட்டு வைத்துச் சுடுங்கள்.

குறிப்பேட்டில்

தேறிய கலவைக்கு ஒரு பெயரும் தேதியும் கொடுங்கள். சதவீத எடை, ஒவ்வொரு பொருளும் எந்தக் கடையில் எந்த மூட்டையிலிருந்து வந்தது, ஒப்படர்த்தி, முக்கியெடுத்த விநாடிகள், கோன், ஆறவைத்த முறை ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். டைலைத் துளையிட்டு அந்தப் பக்கத்தோடு கட்டுங்கள். ஒவ்வொரு மூட்டை தீரும்போதும் புதிய மூட்டையில் 100 கிராம் கலந்து ஒரு டைல் சுட்டுப் பார்த்த பிறகே பழைய மூட்டையின் கடைசிக் கிலோவைத் தொடுங்கள். அந்தக் கிலோவில் பாதியை எப்போதும் தனி டப்பாவில் ஒதுக்கிவையுங்கள். அடுத்த முறை நிற்கப்போவது ஃபிரிட்டாகவோ ஃபெல்ஸ்பாராகவோ இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.